ருசி கூடிப்போன டப்பா

டயாலிசிஸ் பிரிவில் அவளுக்கு 'வேணாம் மேடம்' என்று பெயர். நோயாளிகள் வைத்த பெயர். எந்தப் பண்டத்தைப் பற்றிக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு சொல்தான் என்பது அவர்கள் கட்சி. வாழைப்பழமா, வேணாம். தக்காளியா, வேணாம். ஆரஞ்சு ஜூஸ் ஒரு வாய்? அரை வாய்கூட வேணாம். அறை வாசலில் 'உணவு ஆலோசகர்' என்று பலகை தொங்கத்தான் செய்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. ஊருக்கெல்லாம் நல்லது செய்கிற பழமும் கீரையும், சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு விஷமாகிவிடும். அதைச் சொல்லிக்கொண்டே இருப்பது ஒருத்தியின் வேலை என்றால் அவள் நல்ல பெயர் எடுக்க முடியாது.

அப்படிப்பட்டவள் 'சரி' என்று சொன்ன ஒரே வெளிச்சாப்பாடு, அவளுடைய அக்கா வீட்டுக்காரர் செய்தது.

அத்தான் அலுவலகம் போகிறவர்களுக்கு டப்பாவில் மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தார். தனியாக இருக்கும் நோயாளிகளுக்குச் சமைத்துப் போட ஆளில்லை என்று அவள் ஒருநாள் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "நான் செஞ்சு தர்றேன், நீ பாத்துச் சொல்லு" என்றார். அவள் எடுத்தவுடன் தலையாட்டிவிடவில்லை. கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டியாக வேண்டும், பொட்டாசியம் அதோடு போகும். கெட்டுப்போகாமல் இருக்க ஏதோ சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சி உள்ளே வரக்கூடாது, அதில் பாஸ்பரஸ் இருக்கும். எல்லாருக்கும் ஒரே டப்பா ஆகாது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு மெஷின் புரதத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதனால் அவர்களுக்கு முட்டை வெள்ளையும் கோழியும் கூடுதலாக வேண்டும். இன்னும் அந்த நிலைக்கு வராதவர்களுக்கு அதே அளவு கெடுதல். முன்னவர்களுக்கு நீல மூடி, பின்னவர்களுக்கு வெள்ளை மூடி என்று பிரித்தாள். ஒவ்வொன்றையும் ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

"உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தப்பகூட உங்கப்பா இத்தனை கேள்வி கேக்கல" என்று அத்தான் சிரித்தார். ஆனால் சொன்னதையெல்லாம் செய்தார். கடைசியில் மூடியில் ஒரு வரி ஏறியது: 'சிறுநீரக உணவு ஆலோசகர் பார்த்து ஒப்புக்கொண்டது.'

வியாபாரம் பிடித்துக்கொண்டது. நோயாளிகளுக்கு மூன்று வேளையும் டப்பா போக ஆரம்பித்தது. அவளும் வேறு வேலைகளில் மூழ்கிப்போனாள்.

அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை என்றாலே அந்தப் பிரிவில் எல்லாருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதைக்கும். ஞாயிறு மெஷின் ஓடாது. இடைவெளி நீண்டுபோய், வெளியேற வேண்டியதெல்லாம் உடம்பிலேயே தேங்கிக்கிடக்கும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் காலை முறையில் படுத்திருந்தார். ஆரம்பிக்கும் முன்பு எடுத்த ரத்தத்தின் முடிவு வந்தபோது மெஷின் பாதி ஓடியிருந்தது.

மூத்த நர்ஸ் அவளைத் தேடி வந்தாள். "மேடம், டிரைவருக்குப் பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. நல்லவேளை, ஏற்கெனவே மெஷின்ல இருக்காரு."

அவள் கட்டிலுக்குப் போனாள். "என்ன சாப்பிட்டீங்க?"

"உங்க டப்பாதான்."

"அது சரி. டப்பாவுக்கு மேல?"

"மேடம், உங்க டப்பாவைத் தவிர பச்சைத்தண்ணி பல்லுல படல. வேணும்னா என் சம்சாரத்தைக் கேளுங்க. நேத்துப் பேரப்பிள்ளை பொறந்தநாள். கேக்கை எடுத்துட்டு வந்து மூஞ்சிக்கு முன்னாடி காட்டுறான். வேணாம்னுட்டேன்."

நோயாளிகள் பொய் சொல்வார்கள். அவளுக்கு அது புதிதல்ல. ஆனால் கேக்கைப் பற்றி இத்தனை வருத்தத்தோடு ஒருவரால் பொய் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மற்றவர்களின் முடிவுகளையும் வாங்கிப் பார்த்தாள். இன்னும் இருவருக்கு ஏறியிருந்தது. அந்த இருவரும் நீல மூடிக்காரர்கள். வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் எப்போதும்போல் இருந்தார்கள்.

அவள் டிரைவரின் கட்டிலுக்கே திரும்பினாள்.

மெஷின் முடிந்ததும் சாப்பிட டிரைவர் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். அதைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். பீன்ஸ், கோழி, சாதம். எல்லாம் அவள் சொன்ன அளவுதான். ஆனால் ருசியாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவள் அனுமதித்த சிட்டிகை உப்பில் இந்த ருசி வர வழியே இல்லை.

"இப்பல்லாம் நல்லாத்தான் செய்றாங்க" என்றார் டிரைவர். "முன்னாடி நாக்கு செத்துப் போயிருந்துச்சு."

உப்பைக் கூட்டிவிட்டார்களா? அப்படியென்றால் தாகம் எடுத்திருக்கும், தண்ணீர் குடித்து எடை ஏறியிருக்கும், கால் வீங்கியிருக்கும். டிரைவரின் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதியவில்லை. காலையில் பார்த்த எடையும் கூடவில்லை. அப்போதுதான் நாக்கின் அடியில் ஒரு கசப்பு மெல்ல எழுந்தது. இரும்புச் சாவியை வாயில் வைத்ததுபோல ஒரு கசப்பு. உப்பாகக் கரிக்கிறது, ஆனால் உப்பு இல்லை. அப்படி ஒன்றுதான் உண்டு.

"சிஸ்டர், டாக்டர்கிட்ட உடனே சொல்லிடுங்க. சாயங்காலம் வர்றவங்கள்ல யார் யார் இந்த டப்பா சாப்பிடறாங்களோ அத்தனை பேரையும் இப்பவே வரச்சொல்லுங்க. இதை யாரும் தொட வேணாம்."

அத்தானின் போன் ஓயாமல் வேறொருவரிடம் பேசிக்கொண்டே இருந்தது. அக்கா எடுத்தாள். "என்னடி இந்த நேரத்துல? வண்டி கிளம்பப் போகுது, தலைக்கு மேல வேலை."

"வண்டியை நிறுத்து. நான் வந்துட்டே இருக்கேன்."

"எதுக்கு?"

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

அவள் ஒரு வாடகைக் காரில் ஏறிக்கொண்டாள். சமையற்கூடத்தை அடைந்தபோது வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே பெட்டி பெட்டியாக நீல மூடிகள். அக்கா வேனை மறித்துக்கொண்டு நிற்கவில்லை. ஏற்றுவதை மெதுவாக்கி வைத்திருந்தாள், அவ்வளவுதான். அத்தான் ஆவி பறக்கும் அண்டாக்களுக்கு நடுவிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க இன்ஸ்பெக்டர். திடீர்ச் சோதனையா?"

"உப்புக்கு என்ன போடறீங்க அத்தான்?"

அவர் சிரிப்பு கொஞ்சம் தயங்கியது. பக்கத்தில் நின்ற சமையல்காரர்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "டயட் உப்புங்க. சோடியமே கிடையாது. சார்தான் தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தாரு."

"எப்பலேர்ந்து?"

"ருசியே இல்லைன்னு ஆளுங்க ஒவ்வொருத்தரா நிறுத்திட்டே வந்தாங்க" என்றார் அத்தான். "அவங்களும் மனுஷங்கதானே. பேருக்குத்தான் சோறு, வாயில வச்சா மண்ணு. சோடியம் கூடாதுன்னு நீதான் சொன்னே. இதுல இல்ல. மருந்துக் கடையிலதான் வாங்கினேன், கண்ட இடத்துல வாங்கல."

"சோடியத்தை எடுத்துட்டு அந்த இடத்துல பொட்டாசியத்தை வச்சிருக்காங்க. உங்களுக்கும் எனக்கும் அது ஒண்ணும் பண்ணாது, மிஞ்சினதைச் சிறுநீரகம் வெளிய தள்ளிடும். இவங்களுக்குத் தள்றதுக்கு உள்ள யாருமே இல்ல அத்தான். சேர்ந்துட்டே போய் நேரா நெஞ்சுல கை வைக்கும்."

"கை வைக்கும்னா?"

"துடிப்பு நின்னுடும்."

அண்டாவில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் கை நீட்டி அடுப்பை அணைத்தார்.

அத்தானின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் அவர் பிடி கொடுக்கவில்லை. "இத்தனை நாளா சாப்பிடறாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே. பயமுறுத்தாதே. இந்த ஒரு வேளை போகட்டும், எல்லாரும் பசியோட உக்காந்திருப்பாங்க. ராத்திரிச் சாப்பாட்டுலேர்ந்து மாத்திடறேன். இப்ப நிறுத்தினா என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்றது."

"சொல்லிட்டு? கடையை இழுத்துப் பூட்டிட வேண்டியதுதான். மூடில உன் ஒப்புதலும் இருக்கு, மறந்துடாதே. என் பேரு மட்டும் போகாது."

"தெரியும். அதனாலதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா வேனின் முன்பக்கம் போய், ஓட்டுநர் இருக்கைக்குள் கைவிட்டு, சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பெட்டி ஏற்றுகிறவர்களிடம் திரும்பி, "எல்லாத்தையும் இறக்குங்க" என்றாள். கணவனைப் பார்க்காமலே சொன்னாள்.

அத்தான் அதற்குமேல் வாதாடவில்லை. வாடிக்கையாளர்களை மூவரும் பங்கிட்டுக்கொண்டு போன் செய்தார்கள். டப்பாவைத் தொட வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பாருங்கள். அத்தானின் முதல் அழைப்பிலேயே எதிர்முனையில் யாரோ வாய்க்கு வந்தபடி திட்டுவது அவளுக்கே கேட்டது. "ஆமாங்க. தப்புத்தாங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக எடுத்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் எடுக்கவில்லை.

அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து, நோய் வந்தபின் அதை விற்றுவிட்டவர். மனைவி இல்லை, மகள் தொலைவில். மாடியில் தனியாக இருந்தார். அவருக்கு மெஷின் முறை சாயங்காலம். நர்ஸும் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் கிடைக்கவில்லை.

"காலைல டப்பா குடுத்தப்ப எப்படி இருந்தாரு?" என்று வேன் ஓட்டுநரைக் கேட்டாள்.

"கதவு திறக்கலைங்க. கைப்பிடியில மாட்டிட்டு வந்துட்டேன். எப்பவும் எட்டிப்பாத்து நாலு வார்த்தை பேசாம விடமாட்டாரு."

அத்தான் அக்காவிடம் கையை நீட்டினார். அவள் சாவியைக் கொடுத்தாள்.

அத்தானும் அவளும் கிளம்பினார்கள். வழிநெடுக அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். மேல்மாடியில், கதவின் கைப்பிடியில் காலைப் பை தொட்டது தொட்டபடி தொங்கியது.

அவள் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மீண்டும் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளிருந்து, தரையோரமாக எங்கோ ஒரு குரல் வந்தது.

"வர்றேன்... வர முடியல."

அத்தான் தோளால் இடித்தார். முதல் இடிக்குக் கதவு அசையவில்லை. இரண்டாவதற்குத் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

பெரியவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை பொத்தான்கள் சரியாகப் போடப்பட்டிருந்தன. கண்ணாடி மூக்கில் இருந்தது. கால்கள் மட்டும் யாருடையதோபோல நீண்டு கிடந்தன.

"காலு சொன்ன பேச்சு கேக்கலம்மா" என்றார். "போன் அதோ அங்க அடிச்சுட்டே இருக்கு. பாத்துட்டே இருந்தேன்."

அவள் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அது வந்தது. அதற்கடுத்தது வருமா என்று அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள்.

பெரியவர் அவள் தோளுக்கு மேலே அத்தானைப் பார்த்தார். "டப்பாத் தம்பியா நீங்க? நேர்ல பாத்ததே இல்லையே. நல்ல கைப்பக்குவம். ரொம்ப நாள் கழிச்சு நாக்குக்கு உயிர் வந்துச்சு. நேத்து ஆசையா ரெண்டு டப்பா சேர்த்துச் சாப்பிட்டேன்."

அத்தான் குனிந்து, பெரியவரின் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முதுகில் தூக்கிக்கொண்டார்.

படி குறுகல். அவள் முன்னால் இறங்கியபடியே மருத்துவமனைக்குப் பேசினாள்: பொட்டாசியம்தான், நாடி தளர்ந்திருக்கிறது, ஈசிஜியும் கால்சியம் ஊசியும் தயாராக இருக்கட்டும், ஒரு மெஷினைக் காலியாக வையுங்கள். பின்னால் அத்தான் இளைப்பது கேட்டது. ஒரு வளைவில் அவர் கால் இடறியது. சுவரில் தோளை உரசிக்கொண்டே நின்று, சமாளித்து, மறுபடி இறங்கினார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க அவளுக்குத் தைரியமில்லை. வேனின் பின்பக்கம், காலிப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு, பெரியவரைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "பேச்சுக் குடுத்துட்டே வாங்க அத்தான். தூங்க விடாதீங்க."

அத்தானுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "ஐயா, எனக்குக் கிட்டத்துல எழுத்து மங்கலாத் தெரியுது" என்றார் கடைசியில்.

"வயசுதான். சும்மா ரெடிமேட் கண்ணாடி வாங்கிடாதீங்க. ஆளுக்கு ஆள் அளவு வேற" என்றார் பெரியவர், நாக்கு குழற. கொஞ்சம் பொறுத்து, "தம்பி, சிவப்பு விளக்கு" என்றார்.

"தெரியும் ஐயா" என்றார் அத்தான், நிறுத்தாமல்.

மருத்துவமனையில் ஈசிஜி காகிதம் வெளியே வரவர டாக்டரின் பேச்சு குறைந்தது. அலைகள் கூம்பு கூம்பாக நிமிர்ந்து, ஒன்றுக்கொன்று விலகி நின்றன. கால்சியம் ஏறியது. இன்சுலினும் குளுக்கோஸும் ஏறின. மெஷினில் பிணைத்தார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோடு பல்லைக் கடித்துக்கொண்டு நகர்வதுபோல நகர்ந்தது. ஒருமுறை நீண்ட இடைவெளி விழுந்து, நர்ஸின் கை பாதியில் நின்றது. பிறகு கோடு எழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. மெல்ல மெல்லக் கூம்புகள் தணிய ஆரம்பித்தபோதுதான் தன் கை மரத்துப்போயிருப்பதை அவள் உணர்ந்தாள். கட்டிலின் கம்பியை அத்தனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். "எல்லாருக்கும் ஒரே இடத்துச் சாப்பாடுன்னு சொல்றாங்க. எங்க செஞ்சது?"

அவள் வாயெடுக்கும் முன் அத்தான் எழுந்தார். சட்டைத் தோள் கிழிந்து, சுவர்ச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. "என் சமையற்கூடத்துல டாக்டர். உப்பை நான்தான் மாத்தினேன். இவங்ககிட்ட கேக்கல. கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு கேக்கல."

அவர் தெரிந்தே மறைத்தார் என்பது அவளுக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரைப் பார்க்கவும் முடியவில்லை.

அதன்பின் நடந்தவை எதுவும் சுலபமாக இல்லை. மருத்துவமனை அவளை விசாரித்தது. இனி எந்த வெளிச்சாப்பாட்டுக்கும் தன் பதவியைச் சொல்லி ஒப்புதல் தரக்கூடாது என்று கண்டித்ததோடு விட்டது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து சமையற்கூடத்தைப் பூட்டினார்கள். அத்தான் பூட்டுக்குக் காத்திராமல், ஒவ்வொரு வாடிக்கையாளர் வீட்டுக்கும் நேரில் போனார். அக்காவும் கூடப் போனாள். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் மகன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். டிரைவரின் மனைவி, "இனிமே நானே செஞ்சுக்கறேன். ருசி இல்லாட்டியும் என் கையால போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

கண்ணாடிக்கடைக்காரர் பிழைத்தார். தொலைவிலிருந்து பறந்துவந்த மகள் வழக்குப் போட்டே தீருவேன் என்று நின்றாள். அவர் கேட்கவில்லை. "அந்தத் தம்பி என்னை முதுகுல தூக்கிட்டு இறங்கினப்ப அவர் நெஞ்சு அடிச்சது எனக்குக் கேட்டுது" என்றாராம். "நான்தான் சாகக் கிடந்தேன். என்னைவிட அது பயந்து போயிருந்துச்சு."

பூட்டுத் திறந்து சில மாதங்கள் கழித்து அக்கா கூப்பிட்டாள். புதிதாக ஒரு டப்பா செய்திருக்கிறார், வந்து பார்க்க முடியுமா? பதவியெல்லாம் வேண்டாம், தங்கையாக வந்து பார்த்தால் போதும்.

அவள் போனாள். அத்தான் அவளை இன்ஸ்பெக்டர் என்று அழைக்கவில்லை. மேசையில் டப்பாவை வைத்தார். அதற்குள் என்னென்ன போயிருக்கிறதோ அத்தனையையும், கடைசி மிளகுவரை, பக்கத்தில் கிண்ணம் கிண்ணமாக எடுத்து வைத்திருந்தார். பூண்டு, இஞ்சி, கொஞ்சம் எலுமிச்சை. உப்பு, அவள் சொன்ன சிட்டிகை. ஆய்வக முடிவும் இருந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சாப்பிட்டுப் பார்த்தாள்.

"பருப்பைக் குறைக்கணும். பாஸ்பரஸ் எல்லையில நிக்குது."

"எவ்வளவு?"

"பாதியா."

"சரி" என்றார். வாதாடவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து, கார் வரும்வரை கூடவே நின்றார்.

காரில் ஏறும்போது அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்கு உன்மேல கோவம் இல்லடி. உன் முன்னாடி நிக்கத்தான் கூச்சம். போகப்போகச் சரியாயிடும்."

"ஆகும்க்கா" என்றாள் அவள். சரியாகுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அத்தான் உள்ளே போயிருந்தார். சன்னல் வழியாக, அவர் பருப்புக் கிண்ணத்தை எடுத்துப் பாதியைத் திரும்ப டின்னில் கொட்டுவது தெரிந்தது.